மடியில் கனம்

கேமரா வந்து எட்டு மாதம் ஆகிறது.
அதற்கொரு பைதான் இன்னும் வாய்க்கவில்லை.

வால்பரைசோ துறைமுகத்தில்
கண்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பவள் நான்.
உள்ளே இருப்பதை வெளியே சொல்லாததுதான்
நல்ல பெட்டி என்பது
பத்தொன்பது வருடச் சம்பளத்தில் கற்றது.

என்னுடையது சின்னக் குடும்பம்:
உள்ளங்கைக்கு அடங்கும் கேமரா,
கமலாப்பழப் பருமனில் இன்னொரு லென்ஸ்,
பேட்டரி இரண்டு, துடைக்கிற துணி.
அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறப் பயந்து
கிட்டத்தட்ட அதே நீள அகலத்தில்
ஒரு பத்தீதோ ரொட்டியை எடுத்துப் போனேன்.

கடைக்காரி ஹெர்மினியா ஒன்றும் கேட்கவில்லை.
ரொட்டியை உள்ளே வைத்து, மூடி,
தோளில் மாட்டி, கண்ணாடியில் திரும்பிப் பார்த்து,
மறுபடி ரொட்டியை வெளியே எடுத்து...
ஐந்தாவது பையில் அவளே சொன்னாள்:
"இது உங்கள் ரொட்டிக்குக் கொஞ்சம் பெரிது."

எல்லாமே கறுப்பு. எல்லாமே திண்டு.
நெற்றியில் கம்பெனிப் பெயர், வாரில் இன்னொரு முறை.
இதோ இருக்கிறது பிடுங்கிக்கொள் என்று
வழியெல்லாம் கூவிக்கொண்டு வரும்.
இடுப்பில் கட்டுவது கப்பலில் வந்திறங்குகிறவர்களுக்கு.
சந்தைத் துணிப்பை ஒரு நாள் தூக்கிப் பார்த்தேன்,
லென்ஸும் கேமராவும் உள்ளே
புருஷன் பெண்டாட்டி போல் முட்டிக்கொண்டன.

தங்கை பரிசளித்த ஒரு கறுப்புப் பை இருந்தது.
அதன் ஒட்டுப்பட்டையை,
ஓத்திலியா அத்தையின் இரங்கல் பூசையில்
நான் பிரித்த சத்தத்துக்குப்
பாதிரியார் முதலில் சவப்பெட்டியைத்தான் பார்த்தார்.
அதை மாட்டிக்கொண்டு குன்றிறங்கினால்
பின்னால் கேட்கும் காலடி எல்லாம் திருடன்.
மடியில் கனம்.
வழியெல்லாம் முதுகு.

கிரேன் ஓட்டும் எலியோதோரோவின் சாப்பாட்டுப் பை
ஒருநாள் என் மேசையில் கிடந்தது.
சாம்பல் நிறம். ஏதோ பல் மருத்துவமனை இலவசமாய்க் கொடுத்தது,
சிரிக்கும் பல்லில் பாதி அழிந்திருந்தது.
சூடு காக்கும் தடித்த உள்சுவர். வாய் திறக்காத ஜிப்.
ரொட்டியை வைத்துப் பார்த்தேன்.
அளவெடுத்துத் தைத்த மாதிரி.
அவருக்கும் என் கறுப்புப் பைமேல் ஒரு கண்.
ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டோம்.

ஆறு வருடம் அதில் பொரித்த மீன் போனது
நாய்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.
சோடா உப்புப் போட்டு மூன்று முறை கழுவியும்
படிக்கட்டுத் தெருவில் ஒன்று சேர்ந்தது,
சாய்வு ரயில் வாசலில் இன்னும் இரண்டு.
முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைக்கலாம்,
மூக்கிடம் என்ன செய்ய?

யார் கண்ணிலும் படாமல் நடக்க ஆசைப்பட்டவள்
ஊர்வலத்தோடு நடந்தேன்.
ஜன்னல்கள் திறந்தன.
துணி காயப்போட்டவள் கிளிப்பைக் கடித்தபடியே சிரித்தாள்.
கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தவன்
தூரிகை செருப்பில் சொட்டுவதை மறந்தான்.
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்
நாய்களுக்கு அங்கேயே பெயர் வைத்தார்கள்.
நான் எடுத்தேன், எடுத்தேன்.
கேமராவை ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை,
எலியோதோரோ வெறும் தோளோடு வந்தார்.
பேருந்து நிறுத்தத்தில், பட்டப்பகலில்,
வாரை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான்.
போனது: மீன் துண்டு இரண்டு,
அரை எலுமிச்சை, முள்கரண்டி ஒன்று.
"திறந்து பார்த்திருப்பானே, அந்த முகத்தை
நீ எடுத்திருக்க வேண்டும்" என்றார்.
என் சாண்ட்விச்சில் பெரிய பாதியை அவரே எடுத்துக்கொண்டார்.

நாளை அவருக்கொரு பை பார்க்கப் போகிறேன்.
ஹெர்மினியா இம்முறையும் கேட்க மாட்டாள் என்று நம்புகிறேன்,
செய்தித்தாளில் சுற்றி
அளவுக்காக நான் எடுத்துப்போகும்
இந்த மெர்லூசா மீனைப் பற்றி.