சின்னத் தண்ணீர்

காலை ஐந்து இருபதுக்குப் பஸ் எடுக்க வேண்டும்.
பல் துலக்கிக் கொப்பளித்த தண்ணீரில்
ஒரு சொட்டும் உள்ளே போகாமல் துப்பிவிடுவேன்.
பதினோரு வருஷப் பழக்கம்.

ஜெட்டியிலிருந்து பாலிக் புலாவ்,
ஜெலுத்தோங் நெரிசலையும் சேர்த்தால்
இரண்டு மணி நேரம்.
ஆண் டிரைவர்களுக்குத் தெலுக் கும்பார் தாண்டி
ஒரு மரம் இருக்கிறது.
எந்த மரம் என்று எல்லாருக்கும் தெரியும்.
எனக்கு அந்தப் பக்கம் பார்க்காமல்
வளைவைத் திருப்பத் தெரியும்.
கடைசி நிறுத்தத்தில் கழிவறை உண்டு.
சாவி கடைக்காரரிடம்.
கடை பத்து மணிக்கு.

இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு போத்தல்,
புஷ்பலீலா என்று மார்க்கரில் எழுதியது.
நிரப்பிக்கொண்டு போவேன்,
நிறைந்தபடியே கொண்டுவருவேன்,
சாயங்காலம் கறிவேப்பிலைக்கு ஊற்றுவேன்.
செடி நன்றாகத் தழைத்திருக்கிறது.

மார்ச் மாதம். ஏர்கோன் அனல் ஊதியது.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி
டிக்கெட் கேட்டவருக்குப் பதில் வரவில்லை.
மலை ஏறும்போது
சாலைக் கோடு இரண்டாகத் தெரிந்தது.
முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர்.
ஓரங்கட்டினேன்,
ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்,
அபாய விளக்கைப் போட்டேன்,
அதற்குப் பிறகுதான் மயங்கினேன்.
வரிசையை யாரும் பாராட்டவில்லை,
அதனால் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அஸ்லினா என்ற தாதி
என் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள்.
விட்ட பிறகும்
கிள்ளினபடியே நின்றது தோல்.
கடைசியாக எப்போது போனீர்கள்?
நேற்று என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.
சின்னக் குப்பியில் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தேன்,
பால் விடாத தே ஓ நிறத்தில்.

டாக்டர் ஊய் கேட்டார்:
தண்ணீர் குடிக்க மறந்துவிட்டீர்களா?
இல்லை டாக்டர்,
ஞாபகமாகக் குடிக்கவில்லை.

முதல் போத்தல் வேகமாக, அடுத்தது மெதுவாக.
ஊசி வழியே குளிர் ஏறியது,
பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் ஒருவர் நுழைந்து
அறை அறையாக விளக்குப் போடுவதுபோல்.
பிறகு ஒரு பாக்கெட் உப்புத் தூள்,
கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கிளாஸ்.
மடமடவென்று குடிக்கக் கூடாது,
மிடறு மிடறாக.
அழுத வாயோடு மிட்டாய் தின்ற ருசி.

இரண்டாவது போத்தல் பாதியில் இருக்கும்போது
வந்தது.
அஸ்லினா போத்தலை உயரப் பிடித்துக்கொண்டு
கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றாள்.
பெலான் பெலான், காக் என்றாள்.
மெதுவா, அக்கா.
பதினோரு வருஷத்தில்
அந்தச் சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை.
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் எம்.சி. முடிந்து
மூன்றாம் நாள்,
பாயான் லெப்பாஸ் பெட்ரோல் நிலையத்தில்
பஸ்ஸை நிறுத்தினேன்.
ஐந்து நிமிஷம் என்று மூன்று மொழியிலும் சொன்னேன்.
பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டினார்.
மூன்றாவது வரிசையிலிருந்து
பேக்டரிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி
சத்தமில்லாமல் என் பின்னால் இறங்கினாள்.
பேசிக்கொள்ளவில்லை.
கைகழுவும் இடத்தில்
தன் டிஷ்யூவில் ஒன்றை உருவி நீட்டினாள்.

நேற்றுக் கடிதம் வந்தது.
ஏழு நிமிஷத் தாமதம், காரணம் கூறவும்.
பதிலுக்கு ஒரே ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்.
மலாயில் அதற்கு ஆயர் கெச்சில் என்பார்கள்,
சின்னத் தண்ணீர்.
நம் சிறுநீரும் அதேதான், எழுத்துக்கு எழுத்து.
சின்னது என்று
இரண்டு பேருமே எதை வைத்து முடிவு செய்தார்கள்?
எழுதத் தொடங்கினேன்.
கோடு முடிந்து ஓரத்தில் ஏறி
தாளின் பின்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது.

போத்தல் இப்போது வெறுமையாக வீடு திரும்புகிறது.
கறிவேப்பிலை கொஞ்சம் வாடியிருக்கிறது.
அதற்குக் குழாய் இருக்கிறது,
பார்த்துக்கொள்ளலாம்.