ஏழாவது ஆள்

கோபுரத்தின் அடியில் ஒரு தகரப் பலகை:
ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற வேண்டாம்.
நாங்கள் ஏழு பேர்.

எஸ்தோனியாவில் அக்டோபரின் முதல் சனி.
பூங்காவின் வாகன நிறுத்தத்திலிருந்து
இரண்டரைக் கிலோமீட்டர் சதுப்பின் மேல் பலகைப் பாதை.
எதிரே ஆள் வந்தால்
ஒருக்களித்து, வயிற்றை எக்கி நிற்க வேண்டிய அகலம்.
மரக்கிடங்கின் கணக்குப் பிரிவு மொத்தமும் வந்திருந்தது,
ஆண்டுக்கொரு முறை நிறுவனம் தரும் சுற்றுலா,
தலைக்கு ஒரு மீன் ரொட்டி, பொதுவில் ஒரு குடுவைத் தேநீர்.
ஏழில் ஆறு போனால் எத்தனை என்று
எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"முறை வைத்து ஏறலாம்" என்றாள் உர்வே.
"சீட்டுக் குலுக்கிப் போடலாம்" என்றான் மீலிஸ்.
ஐவோ குனிந்து தன் காலைப் பார்த்தான்.
"பூட்ஸ் நனைந்துவிட்டது. நீங்கள் போங்கள்."
நனையவில்லை.
வழி நெடுக நான் அவனுக்குப் பின்னால்தான் நடந்து வந்தேன்.

படிகள் ஈரத்தில் வழுக்கின.
இங்கே பைன் மரங்கள் குள்ளம்,
நூற்றைம்பது வயதுக்கு என் தோளுயரம்.
வேருக்கு அடியில் மண்ணே கிடையாது.
பாசி,
அதன் கீழே செத்த பாசி,
அதன் கீழே அதற்கும் முன்னால் செத்தது.
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம்.
லெய்னி ஏறிக்கொண்டே கணக்குப் போட்டாள்:
ஒரு படிக்கு இருநூறு ஆண்டு.
முப்பதாவது படியில் மூச்சு வாங்க நின்று
"ஆறாயிரம்" என்றாள்,
கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தபடி.

மேலே முதலில் காற்று.
பிறகுதான் ஏரிகள்.

பழுப்பேறிய பேரேட்டின் மேல் மைப்புட்டி கவிழ்ந்து,
துடைக்கப் போன யாரோ
இன்னும் பரப்பிவிட்டதுபோல் கிடந்தன.
எது கரை, எது மிதக்கும் பாசி?
ஒரு குட்டைக்குள் மேகம் இருந்தது,
ஒட்டியிருந்த அடுத்த குட்டையில் இல்லை.
தொலைவில் பெரிய ஏரி மட்டும்
ஏரி மாதிரி நடந்துகொண்டது.

கொக்குகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன.
நாற்பத்தொன்று என்றான் மீலிஸ்.
நாற்பத்து மூன்று என்றாள் உர்வே.
திரும்ப எண்ணுவதற்குள்
காட்டுக்கு மேல் வெறும் கோடாகிவிட்டன.
எங்கள் பிரிவில் முதன்முறையாக
இரண்டு கணக்கு ஒத்துப்போகவில்லை,
யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

நான் கைப்பிடியில் சாய்ந்து நேர் கீழே பார்த்தேன்.
ஐவோ பலகைப் பாதையில் குப்புறப் படுத்திருந்தான்.
பதினோரு ஆண்டாகப்
பக்கத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருபவன்.
சிவப்புத் தொப்பி கழற்றி ஓரமாய் வைத்திருந்தது.
வலது கை தோள்வரை சதுப்புக்குள்.
எதையோ தவறவிட்டுத் தேடுபவன் மாதிரி இல்லை.
வயிற்றில் கன்று திரும்பியிருக்கிறதா என்று
மாட்டு வைத்தியர் கைவிட்டுப் பார்ப்பாரே,
அப்படி,
முகத்தை ஒருபக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு.
(கண் மூடியிருந்தது
அவ்வளவு உயரத்திலிருந்து தெரிந்திருக்காது.
ஆனாலும் மூடித்தான் இருந்தது.)

"இந்தப் பக்கம் பார்" என்று படமெடுத்தார்கள்.
அந்தப் படத்தில் ஐந்து முகம்,
ஒரு உச்சந்தலை.

இறங்கியபோது
சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தானிட்டு
ஏழு கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.
"என்ன தெரிந்தது?"
உர்வே ஏரிகளைச் சொன்னாள்.
மீலிஸ் கொக்குகளைச் சொன்னான், நாற்பத்தொன்றையே சொன்னான்.
"கீழே எப்படி?" என்றேன்.
"குளிர்" என்றான்.
கோப்பையைக் கைமாற்றும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி:
"அடியில் இன்னும் குளிர்."

திங்கட்கிழமை பேருந்துச் செலவுக்கான சீட்டை
என் மேசைக்கு நகர்த்தினான். ஆட்கள்: ஏழு.
அவன் நகக்கண்ணில் அந்தப் பழுப்பு அப்படியே இருந்தது.
ஒரு கை நீளம், அறுநூறு ஆண்டு
என்று மனம் தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டது.
கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.