அனுபவம் உள்ளவர் தேவை

விளம்பரம் கொடுத்துப் பதினோரு மாதம்.
‘பிசிஷியன் அசிஸ்டென்ட் தேவை.
அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை.’
முன்னுரிமை கொடுக்க
முதலில் இரண்டு பேராவது வேண்டும்.

பண்ருட்டிக்குத் தெற்கே, முந்திரிக்காட்டுக்கு நடுவில்,
டிரஸ்ட் கட்டிய ஆறு படுக்கை.
வந்து பார்த்த ஒருவன்
கடைசி பஸ் எத்தனை மணிக்கென்று கேட்டான்,
அதிலேயே போய்விட்டான்.
சேலத்துக்காரர் நல்லவர், மூன்று வாரம் இருந்தார்;
மழை இரவில் குளியலறைக்குள் சாரை.
இன்னொருத்தி போனிலேயே சம்பளம் கேட்டுச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பில் தப்பொன்றும் இல்லை.

சித்திரை. கொட்டை உடைக்கிற மும்முரம்.
நாளுக்கு இருபது கை வரும்,
தோட்டு எண்ணெய் தின்ற கை.
கறுத்து, வெடித்து, தோலுரிந்து,
யாருடைய கை என்று
முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
முகத்தைப் பார்க்க எங்கே நேரம்?

பதினேழாவது கைக்குக் களிம்பு பூசும்போது
ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள்,
பலா மண்டி ராசாங்கத்தை.
சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது.
“வாயுங்க,” என்றான் கூட வந்தவன்,
“காலையிலயே பழம் தின்னாரு.”

ஈசிஜி தாள் நீண்டு வந்தது.
இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு. அது எனக்குத் தெரிந்தது.
நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரைக்காக
இழுப்பறையைத் திறந்தேன்.
பின்னாலிருந்து தணிந்த குரல்:
“அது வேணாம் டாக்டர், பிரஷர் விழுந்துடும்.
வலப்பக்கமும் ஒரு லீட் வச்சிப் பாத்துடுங்க.”

திரும்பினேன். பதினேழாவது கை.
களிம்பு எதிலும் படாமல்
இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே
உயர்த்திப் பிடித்திருந்தாள்.
ஆபரேஷன் அறைக்குள்
கை கழுவி வருகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

வைத்தேன். வலப்பக்கமும் அடி வாங்கியிருந்தது.
மாத்திரையை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு
சலைன் ஏற்றினோம்.
ஏற்றினோம் என்றா எழுதினேன்?
அவள் சொன்னாள், நான் ஏற்றினேன்.
நூற்றெட்டு வந்து ஜிப்மருக்குக் கொண்டுபோனது.
ராசாங்கம் பிழைத்தார்.
இன்றைக்கும் வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதுச்சேரியில், இதயப் பிரிவில், ஒன்பது வருடம்.
பிறகு கல்யாணம். புருஷன் வீட்டில் உடைப்பு ஷெட்.
நான்கு வருடமாக
என் கேட்டிலிருந்து மூன்றாவது தெரு.
“விளம்பரம் பாக்கலியாம்மா?”
“கேட்ல ஒட்னீங்களே, பாத்தேன்.
போன் நம்பர்ல ஒண்ணு கொறையுது டாக்டர்.”
எழுந்து போய் எண்ணினேன். ஒன்பது.
“நேர்லயாவது வந்திருக்கலாமே?”
கையைப் பார்த்தாள்.
“இந்தக் கைய வச்சிக்கிட்டு
அனுபவம்னு சொன்னா யாரு நம்புவா?”

டிரஸ்ட் எழுதியதைவிட இரண்டாயிரம் கூடக் கேட்டாள்.
ஞாயிறு விடுமுறை.
பவுடர் இல்லாத கையுறை, ஆறரை அளவு.
அவ்வளவுக்கும் தலையாட்டினேன்,
விலை ஏறுவதற்குள் வாங்கிவிடுகிறவன் மாதிரி.

சேர்ந்த அன்று
வருகை இயந்திரத்தில் பெருவிரலை வைத்தாள்.
‘மீண்டும் முயற்சிக்கவும்.’
அடுத்த விரல். அதற்கடுத்தது.
பத்துக்கும் அதே பெண் குரல், அதே மரியாதை.
எண்ணெய் ரேகையை வழித்து எடுத்திருந்தது.
பரணிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கினேன்,
ஓரம் எலி கடித்தது.
நிதானமாக எழுதினாள்: தையல்நாயகி, 8.10.

நேற்று டிரஸ்ட்டிலிருந்து கடிதம்:
‘மேற்படி ஊழியர் இயந்திரப் பதிவில் இல்லை.
அப்படி ஒருவர் பணியில் இருக்கிறாரா?
விளக்கம் தருக.’
பேனா கையில் இருக்கிறது. இன்னும் எழுதவில்லை.
அடுத்த அறையில், யார் கையிலோ பட்டையைச் சுற்றியபடி,
“பேசாம இருங்க ஐயா,
பேசுனா ஏறும்.”