பதினோரு நொடி

முகத்துக்கு ஜவ்வரிசி மாவு.
நான் வேலை பார்க்கும் சேகோவிலிருந்து
நானே மடியில் கட்டிக்கொண்டு போனது.
ரத்தமும் அதே மாவுதான்,
கேசரிப் பவுடர் போட்டுக் காய்ச்சினது.
எறும்பு மொய்த்தது.
"பேய் சொறியக் கூடாதுங்க்கா" என்றான்
டைரக்டர் நவநீதன். இருபத்திமூன்று வயசு,
பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன்.

ஆம்னி வேனில், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
என் மடிமேல் ஒரு ஸ்பீக்கர் பெட்டி.
பதினாலாவது வளைவில் வாந்தி எடுத்தேன்.
படத்தின் கதையை அங்கே நிறுத்தித்தான் சொன்னான்:
ப்ளஸ் டூ முடித்த நாலு பிள்ளைகள்
ஏற்காட்டுக்கு வருகிறார்கள், திரும்பவில்லை.
காப்பிச் செடிக்கடியில் கேமரா மட்டும் கிடைக்கிறது.
அதில் இருப்பதுதான் படம்.
அதனால் லைட் வேண்டாம், கிரேன் வேண்டாம்,
கை நடுங்கினால் இன்னும் நல்லது.

நான் மூன்று முறை வருவேன்.
சில்வர் ஓக்குக்குப் பின்னால் இரண்டு நொடி,
ஜன்னலில் மூன்று,
கடைசியில் கேமராவுக்கு நேரே ஆறு.
இதற்கு இரண்டு ராத்திரி
நாகலூர்ப் பக்கம் பனியில் வெறுங்காலோடு.
செருப்பு தெரியக் கூடாதாம்.

அலறுகிற பிள்ளை ப்ரணிதாவுக்கு
நிஜத்தில் பயமே கிடையாது.
ஒவ்வொரு அலறலுக்கும் அப்புறம்
தொண்டைக்கு வெந்நீர் குடிப்பாள்,
எனக்கும் ஒரு வாய் கொடுப்பாள்.
அவளைத்தான் நான் முதலில் கொல்ல வேண்டும்.

எதற்குக் கொல்கிறேன் என்று கேட்டேன்.
நீங்க காப்பி பறிக்க வந்தவங்க,
கூலி பாக்கி கேட்டதுக்குக் கணக்குப்பிள்ளை
குழியில தள்ளி மூடிட்டான்,
அறுபது வருசம் முந்தி.
"அப்ப அவனைத்தான தம்பி கொல்லணும்?
இதுங்க என்ன பண்ணுச்சு?"
தலையைச் சொறிந்தான்.
"அந்தக் காலம்னா பழைய ஜீப்பு வேணும்,
துரை பங்களா வேணும், குதிரை வேணும்.
பிள்ளைங்கன்னா
சொந்த ட்ரெஸ்லயே வந்துருங்க்கா."

ஆளைத் தேடிப் பழிவாங்கக்
காசு ஆகும் போலிருக்கிறது.
ப்ரணிதாவின் கழுத்தில் கை வைத்தேன்.
"ஜில்லுன்னு இருக்குங்க்கா" என்றாள்
உதடு அசையாமல், "எடுக்காதீங்க."

படம் போனில் வந்தது.
மாவு காயப்போட்ட களத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.
என்னுடன் வேலை செய்யும் பூங்காவனம்
"இது நீயில்லடி, யாரோ" என்று சாதித்தாள்.
பேரைக் காட்டலாம் என்றால்
படத்தில் யார் பேருமே இல்லை.
கிடைச்ச கேமராவுல பேர் போட்டிருக்குமாங்க்கா,
என்று அவன் முன்னாலேயே சொல்லியிருந்தான்.

பேசினது இரண்டாயிரம். தந்தது எண்ணூறு.
அப்புறம் போன் எடுக்கவில்லை.

ஆடியில் ஒரு ராத்திரி
ஒன்பதரைக்கே மெஷின் படுத்துவிட்டது.
மூஞ்சி கழுவத் தோன்றவில்லை.
அயோத்தியாப்பட்டணத்தில் ஏறின டவுன் பஸ்ஸில்
பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.
அம்மாபேட்டையில் கரண்டு இல்லை.
அவன் வீட்டு மாடிப்படி எனக்குத் தெரியும்.
அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே தட்டினேன்:
ஒன்று.
இரண்டு மூச்சு விட்டு
இன்னொன்று.

கதவு திறந்தது.
அந்த அலறலை
இரண்டு ராத்திரி கெஞ்சியும்
அந்தப் பிள்ளைகளிடம் அவன் வாங்கவில்லை.
ஒரே டேக்.
எடுக்கத்தான் ஆளில்லை.

"கோகிலவாணிக்கா… நீங்களா…"
பேய்க்கு ஏது வசனம்?
கையை மட்டும் நீட்டினேன்.

தெருமுனைக் கடையின் எமர்ஜென்சி விளக்கில் எண்ணினேன்.
ஆயிரத்து நூற்றைம்பது.
இன்னும் ஐம்பது வர வேண்டும்.
ஒரு தட்டுவடை செட்டு வாங்கி
நொறுக்கிக்கொண்டே மாடியைப் பார்த்தேன்.
ஜன்னலில் ஒரு செல்போன் வெளிச்சம்
என் பக்கமாகத் திரும்பி
நடுங்கிக்கொண்டிருந்தது.