வியாழன் வரை

திங்கள் இடது இடுப்பில்,
வியாழன் வலது இடுப்பில்.
ஒன்பது வருடமாய்
தபால்தலை அளவில் ஒரு பட்டை.
உரித்த இடத்தில் சாம்பல் சதுரம்;
சோப்புக்குப் போகாத பசை
தேங்காயெண்ணெய்க்குத்தான் மசியும்.

புது டாக்டருக்கு என் மகனின் வயதிருக்கும்.
திரையைப் பார்த்தபடி கேட்கிறார்:
'இன்னும் எவ்வளவு காலத்துக்கு உத்தேசம்?'
வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்வதுபோல,
மரியாதையாய்.

அவருக்குத் தெரியாது அந்த முதல் வருடம்.
ஜூலைக் குளிரில், பென்டில் ஹில் ரயில் மேடையில்
ஜாக்கெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி நின்றது.
விடிய மூன்று மணிக்கு
நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டது.
தினமும் சொல்லும் அஞ்சல் எண் நாக்கில் வராமல்
மேற்பார்வையாளன் முன் வாய் பிளந்தது.

'உதெல்லாம் இயற்கையடி, போறதை ஏன் மறிக்கிறாய்?'
என்பாள் லோஜினி,
பாதித் தலைக்குச் சாயம் பூசிய கையோடு.
தர்மவதனி தன் பெட்டியை
ஓட்ஸ் டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள்;
புருஷனுக்கு அது விட்டமின்.

மங்களா ஒன்றும் சொல்வதில்லை.
நீச்சல்குளத்து உடைமாற்றும் அறையில்
என் இடுப்பைப் பார்த்தாள்.
தட்டையான தன் இடது பக்கத்தில்
துவாலையைச் சற்று ஏற்றிக்கொண்டாள்.
'தண்ணி இண்டைக்குச் சூடு' என்றாள்.

டாக்டர் தந்த தாளில்
ஆயிரம் பெண்களில் கூடுதலாய்ச் சிலர் என்றிருக்கிறது.
சின்ன எண்தான்.
ஆனால் நான் கடிதம் பிரிப்பவள்.
தட்டுக்கு ஐந்நூறு, இரண்டு தட்டு ஆயிரம்.
இயந்திரம் அத்தனையும் விழுங்கிச்
சிலதைத் துப்பும்:
எழுத்துச் சாய்ந்தவை, மழையில் மை கரைந்தவை.
அவை என் மேசைக்கு வரும்.
இருபத்திரண்டு வருடமாய்
அந்தச் சிலதை மட்டுமே தொட்டு வாசித்தவள்
'சிலர்' என்ற சொல்லை
எப்படிச் சும்மா தாண்டிப் போவேன்?

மங்களாவோ
ஒருநாளும் பட்டை ஒட்டியவள் இல்லை.
அதை எந்தத் தட்டில் போடுவது?

'யோசித்துச் சொல்கிறேன்' என்றேன்.
ஆறு மாதத்துக்கு எழுதித் தந்தார்.

இன்று திங்கள்.
வலதில் இருப்பதை உரித்தாயிற்று.
புதியது விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது.
ஐந்தே முக்கால் ரயிலுக்கு நேரமாகிறது.
வியாழன் வரைக்கும்தானே.
இடது இடுப்பில் வைத்து
உள்ளங்கையால் அழுத்திப் பத்து எண்ணுகிறேன்.
ஏழில் அந்தத் துவாலை வருகிறது.
மறுபடி
ஒன்றிலிருந்து.