ரேகை விழவில்லை

காசிமேட்டு ஷெட்டில் நான் உரிக்கும் இறாலுக்கு
கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
ஜெனோவா பிடிக்கும் கிட்டாருக்கு
அப்படி ஒரு தராசு கிடையாது.
என் தம்பி கப்பலுக்குப் போகும்போது
விட்டுப்போனது அது, உறை கிழிந்து.

ஜி-யிலிருந்து சி-க்குப் போக
அவள் விரல்களுக்கு மூன்று வாரம் ஆனது.
அந்த மூன்று வாரத்தில்
என் போனுக்குள் எத்தனை பேர் ஆடி முடித்தார்கள்,
எத்தனை பூனை மேஜையிலிருந்து விழுந்தது,
யார் யாரோ எத்தனை கேக்கை வெட்டினார்கள்.

பாடமும் அதே போனில்தான் இருக்கிறது, என்ன செய்ய.
மீசை முளைக்காத ஒரு பையன், எந்த ஊரோ,
"இப்போ மெதுவா, நாலு தடவை" என்கிறான்.
இரண்டாவது தடவைக்குள்
அவள் கட்டைவிரல் அவனை மேலே தள்ளிவிடுகிறது.
பிறகு பூனை.
பிறகு கேக்.
கிட்டார் மடியில் கிடக்கிறது,
பசித்தும் அழாத பிள்ளை மாதிரி.

திட்டத்தான் வாய் வரும்.
ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு
யார் வீட்டு மாடுலர் கிச்சனையோ
கண் எரிய எரியப் பார்ப்பவள் நான்.
எந்த வாயால் திட்டுவது?

எஃப் வந்தபோதுதான் சண்டை.
ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து
ஆறு கம்பியையும் ஒரே அமுக்காக அமுக்க வேண்டுமாம்.
டொப்பு டொப்பென்று செத்த சத்தம்.
"ம்மா, இது எனுக்கு வராது."
"அப்போ இறாலு உரிக்க வந்துடு."
சொல்லியிருக்கக் கூடாது.
போனை எடுத்துக்கொண்டு
ஹவுசிங் போர்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.
எண்ணூர்ப் பக்கம் விளக்குகள் எரிந்தன.
அவள் முகத்திலும் ஒன்று எரிந்தது, நீலமாக.

மறுபடி எப்போது கையில் எடுத்தாள், தெரியாது.
கீழ் வீட்டு பன்னீர்தான் மறித்துக் கேட்டார்,
"இன்னாம்மா, உன் பொண்ணு பாட்டு
ஒரே எடத்துலயே நிக்குது?"

பிறகு ஒரு செவ்வாய்.
போன் அவளுக்குத் திறக்கவில்லை.
வலது கையில் பிக் இருக்கும் என்பதால்
இடது ஆள்காட்டியைத்தான் பூட்டுக்குக் கொடுத்திருந்தாள்.
வைத்தாள். மீண்டும் முயலவும்.
சட்டையில் துடைத்து வைத்தாள். மீண்டும் முயலவும்.
"ம்மா, போனுக்கு என்னைத் தெர்ல."

அந்த விரலை வாங்கிப் பார்த்தேன்.
நுனியில் காய்ப்பு, குறுக்கே கம்பி போட்ட கோடு.
பக்கத்தில் என்னுடையது,
ஐஸும் ஓடும் தின்று வழுக்கையானது.
மாதா மாதம் ரேஷன் கடையில்
பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பேன்,
"ரேகை விழல, தள்ளி நில்லுக்கா" என்பான்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
என் ரேகை போனது அரிசிக்கு.
அவளுடையது எதற்கென்று நான் கேட்கவில்லை.

கோடு போட்டால் திறக்கும், ஒரு நொடி வேலை.
அவளுக்கும் தெரியும்.
அந்த ஒரு நொடியில்
எஃப்-ஐ இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லாயிருக்கும்.
மறுநாளே வலது கட்டைவிரலைப்
பதிந்துகொண்டாள், கெட்டிக்காரி.
பூனைகள் திரும்ப விழுகின்றன.

ஆனால் நடுநடுவே கேட்கிறது.
கன்டெய்னர் லாரி ஹாரன், ஐஸ் உடைக்கும் மெஷின்,
அதற்குள் ஐந்து கம்பி தெளிவாக.
ஒன்று மட்டும் இன்னும் டொப்பு.
அது எது என்று
பன்னீருக்கே இப்போது தெரியும்.