சரண் விடுப்பு

பதினான்கு நாட்களை விற்றேன்.
அரசு வேலையில் இதற்குச் சரண் விடுப்பு என்று பெயர்.
எங்கள் கிண்டி ஆபீஸில் அந்த அடக்கமெல்லாம் இல்லை.
‘என்கேஷ் பண்ணிடவா அக்கா?’ என்றாள்
எச்.ஆர். ஹெப்சிபா.
பண்ணிடு என்றேன்,
பூக்காரியிடம் இரண்டு முழம் கேட்பதுபோல.

எந்தெந்த நாள் என்று படிவத்தில் கேட்கவில்லை.
அதுதான் இப்போது உறுத்துகிறது.
விற்றது எது?
சும்மா வெயிலடித்த ஒரு புதனா,
மழைக்குப் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை விட்ட
அந்த வெள்ளியா?
நிறைமதிக்கு முன்பல் விழுந்த நாளும்
அந்தக் கட்டோடு போயிருக்குமோ?
அன்று வாட்ஸ்அப்பில் பார்த்தேன்,
பல்லை அல்ல, ஓட்டையை.

வரி போக முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.
வாஷிங் மெஷின் வந்தது.
வேளச்சேரியில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
தூக்கி வந்தவர்
மாடிக்கு நூறு என்று தனியாக வாங்கிக்கொண்டார்.
அவர் கணக்கு தெளிவாக இருந்தது.

தினம் ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்றார் கடைக்காரர்.
மிச்சமானது.
எப்படியோ மோப்பம் பிடித்து
அதில் வந்து உட்கார்ந்துகொண்டது ஆபீஸ் லேப்டாப்.
நாளை விற்று வாங்கிய மணியை
வாங்கியவனுக்கே இனாமாகக் கொடுப்பவளை
ரங்கநாதன் தெருவில் நிறுத்தினால்
சிரிப்பார்கள்.

வீட்டில் அது ஒன்றுதான்
இன்னும் எவ்வளவு நேரம் என்று
சிவப்பு எண்ணில் சொல்கிறது.
சிறுசேரியிலிருந்து தயாபரன் ஏறும் கேப்
ஒருநாளும் சொன்னதில்லை.

போன ஞாயிறு,
ஐம்பத்திரண்டு நிமிடம் மீதியிருக்கையில்
கரன்ட் போனது. வைஃபையும்.
ஏரியா முழுக்கத்தான் என்று
எதிர் பிளாட்டில் உறுதி செய்தார்கள்.
மெஷின் கதவு திறக்கவில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் நுரை, யூனிஃபார்ம்,
என் சுடிதார், அப்புறம்
‘அம்மா, நீ!’ என்றாள் நிறைமதி.

பாக்கெட்டில் மறந்த ஐடி கார்டு.
பட்டை யாருடைய சட்டைக் கையோடோ முடிச்சு விழுந்து
கண்ணாடியில் ஒட்டிச் சிரிக்கிறேன்,
சேர்ந்த புதிதில் எடுத்த முகம்.

தரை குளிர்ச்சியாக இருந்தது.
மெஷின் முன்னாலேயே உட்கார்ந்தோம்.
தூக்கம் கலைந்து வந்த தயாபரன்
வாரன்டி அட்டையால் மூவருக்கும் விசிறினான்.
என்ன பேசினோமென்று எழுதும்படி எதுவுமில்லை.
புதுப்பல் நாக்கில் இடிக்கிறதாம்.
தொட்டுப் பார் என்றாள்.
அரிசி நுனிபோல் இருந்தது.

கரன்ட் வந்ததும்
விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது மெஷின்:
ஐம்பத்திரண்டு.
என் முகம் ஒருமுறை தலைகீழாகி
நுரைக்குள் போனது.
லேப்டாப்பில் ஏழு மெயில்.

பனியனால் கழுத்தைத் துடைத்தபடி தயாபரன் கேட்டான்,
‘ஏசி போட்டா எத்தனை நாள் ஆகும்?’
பதினேழு என்றேன், யோசிக்காமல்.
மாட்டும் கூலி சேர்த்தால்
பதினெட்டு.